மூச்சுவிடும் கனிக்கு ஒரு பெட்டி

செடியிலிருந்து பறித்த கணத்தோடு தக்காளியின் ஜீவன் அடங்கிவிட்டதென்று நாம் எண்ணிக்கொண்டிருக்க, அதுவோ கூடையிலும் லாரியிலும் கடைத் தட்டிலும் இடைவிடாது பிராணவாயுவை உட்கொண்டு, கரியமில வாயுவையும் நீராவியையும் உஷ்ணத்தையும் வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. சுற்றிலும் 10 டிகிரி வெப்பம் ஏறினால் இந்தச் சுவாசம் இரண்டு மூன்று மடங்கு துரிதமாகிறது. ஆகையால் காய்கனிக்குப் பெட்டி செய்வது சோப்புக் கட்டிக்கு உறை செய்வது போன்ற காரியமன்று. வெற்றிலைக் கவுளியை ஈர வாழைமட்டையில் பொதிந்து கட்டியவர்கள், சாஸ்திரம் படிக்காமலே இதை அறிந்திருந்தார்கள்.

பிளாஸ்டிக் பைகள் உள்ளிட்ட ஒருமுறை உபயோகப் பொருள்களைத் தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தபின், தாவர நாரின் பக்கம் கவனம் திரும்பியது இயல்பே. கரூருக்கு அருகே புகளூரில் டி.என்.பி.எல். ஆலை கரும்புச் சக்கையிலிருந்து பல்லாண்டுகளாகக் காகிதம் செய்து வருகிறது. அதே சக்கையைக் கூழாக்கி, கம்பிவலை அச்சினால் முகந்து, நீரை உறிஞ்சியெடுத்து உலர்த்தினால், முட்டைத் தட்டைப் போன்ற குழித்தட்டு கிடைக்கும். பசை எதுவும் வேண்டியதில்லை. நீர் விலக விலக நார்கள் ஒன்றையொன்று தாமே பற்றிக்கொள்கின்றன. சக்கையின் நார் குட்டையானது என்பதால், குலை வெட்டியபின் வயலில் வீணே கிடக்கும் வாழைத்தண்டின் நீண்ட நாரைக் கலப்பது பலம் சேர்க்கும்.

சங்கடம் எங்கே என்றால், எந்த நீர் விலகியதால் நார்கள் பிணைந்தனவோ, அதே நீர் திரும்பி வரும்போது பிணைப்பு தளர்கிறது. பெரும்பாலான காய்கறிகள் வாடாதிருக்கக் குளிர்கிடங்கில் 90 சதவீத அளவுக்கு ஈரப்பதம் வேண்டும். அந்த ஈரத்திலோ காகிதப் பெட்டி தன் வலுவில் ஏறத்தாழப் பாதியை இழந்துவிடுகிறது. காற்றுக்கென்று துளையிட்டால் வலு மேலும் குறையும். அடுக்கின் பாரத்தைப் பெரிதும் தாங்குபவை மூலைகளே ஆதலால், துளைகளை அவற்றை விட்டு விலக்கி, நடுப்பகுதியில் நின்றவாக்கில் வெட்டுவதே விவேகம்.

ஈரத்தைத் தடுக்கப் பிளாஸ்டிக் படலம் ஒட்டுவது சுலபமான உபாயம். ஆனால் ஒட்டிய தட்டு மறுபடி கூழாவதும் கடினம், முழுதும் மக்குவதுமில்லை. மக்காச்சோளத்திலிருந்து செய்யும் பி.எல்.ஏ. என்னும் பிளாஸ்டிக் படலமும், ஏறக்குறைய 60 டிகிரி சூடுள்ள தொழிற்கூட உரக்கிடங்கில் மக்குமேயொழிய, கொல்லைக் குப்பைக்குழியில் வெகுகாலம் அப்படியே கிடக்கும். ‘மக்கும்’ என்று அச்சிடுகிறவர்கள் எங்கே மக்கும் என்பதையும் சேர்த்து அச்சிட்டால் நல்லது.

என் அபிப்பிராயத்தில், எல்லாக் காய்க்கும் ஒரே தட்டைத் தேடுவதுதான் தவறு. சில நாள் பிரயாணமே உள்ள மாம்பழத்துக்கும் எலுமிச்சைக்கும் பூச்சில்லாத வெறுங்கூழ்த் தட்டு போதுமானது. கீரைக்கு அது உதவாது, சந்தையில் அதன்மேல் போர்த்தும் நனைந்த சணல் சாக்கே இன்றைக்கும் அதற்குத் தக்க பெட்டி.