விஞ்ஞானமும் மன்பதையும்: கடல்கோள் உணர்த்தும் பாடம்

ஆராய்ச்சி என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் நம்மவருள் பலர் பேராதனையையும் கொழும்பையும், அவற்றிற்கு அப்பாலுள்ள பிறநாட்டுப் பல்கலைக்கழகங்களையுமே நினைப்பர். ஆராய்வோர் அங்குளர், கற்பிப்போரும் கற்போரும் இங்குளோம், அவர் கண்டதை நாம் மனனஞ் செய்து பரீட்சையில் ஒப்புவித்தல் போதும் என்பது அவர்தங் கருத்து. பழைய மாணவர் கூடுமிடங்களிலும் ஆசிரியர் ஓய்வறையிலும் இத்தகைய உரையாடலைப் பன்முறை கேட்டுள்ளோம். விஞ்ஞானத்திற்கும் மன்பதைக்கும் இடையே இங்ஙனம் ஒரு மதில் எழுமாயின் அதனால் விளையுங் கேடு யாது என்பதை, இத்துறைமுக மாவட்டத்தார் யாவரும் அறிந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விடையிறுக்கப்படாத வினா

நாம் ஆசிரியப் பணியிற் புகுந்த புதிதில், இம்மாவட்டத்துக் கடலோரப் பாடசாலை யொன்றில் தமிழ் கற்பித்து வந்தோம். 2004ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒருநாள் முச்சங்க வரலாறு பாடமாயிற்று. தென்மதுரையையும் கபாடபுரத்தையும் கடல் கொண்டதென இறையனார் அகப்பொருளுரை கூறுவதையும், காவிரிப்பூம்பட்டினம் கடல்வாய்ப்பட்ட செய்தி மணிமேகலையில் வருவதையும் எடுத்துரைத்தோம். மீன்பிடிக் குடும்பத்து மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், கடல் ஊருக்குள்ள வாறதுக்கு முதல் ஏதும் அடையாளம் காட்டுமோ?” என வினவினான். “அது பரீட்சைக்கு வராது, இரும்” என்றோம். வகுப்புச் சிரித்தது. அவ்வினாவிற்கு விடை நாம் அறியோம். அறியோம் என ஒப்புக்கொள்ளும் துணிவும் எமக்கில்லை. அடுத்த வகுப்பறையில் நின்ற விஞ்ஞான ஆசிரியரிடம் கேட்டறியலாமே என்ற எண்ணமுந் தோன்றவில்லை.

அவ்வாண்டு திசெம்பர் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குச் சற்று முன்னர், சுமாத்திராவின் வடமேற்கே கடலடித் தரை பிளந்தது. பிளவின் நீளம் ஆயிரத்து இருநூறு கிலோமீற்றருக்கு மேற்பட்டது. நிலநடுக்கத்தின் அளவு 9.1 எனக் கணிக்கப்பட்டது. ஹவாயிலிருந்த பசிபிக் எச்சரிக்கை நிலையத்தார் கால் மணித்தியாலத்துள் நடுக்கத்தை அறிந்து அறிவித்தனர். எனினும், இந்து சமுத்திரத்திற்கென ஓர் எச்சரிக்கை ஒழுங்கு அன்று இல்லாமையால் அச்செய்தி நம் கரையை எட்டவில்லை. ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தின் பின் நிலாவெளி, குச்சவெளி, கிண்ணியா, மூதூர் முதலிய ஊர்களுட் கடல் புகுந்தது. இலங்கையில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரும், பல நாடுகளிலுமாக இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோரும் மாண்டனர். வினாவிய மாணவன் உயிர் தப்பினான். பாடசாலை மீளத் திறந்தபோது அவ்வகுப்பின் வாங்குகளில் இரண்டு இடங்கள் வெறுமையாயிருந்தன.

அலையின் இயல்பு

சுனாமி என்பது யப்பானியச் சொல். துறைமுக அலை என்பது அதன் பொருள். ஆழ்கடலில் இவ்வலையின் உயரம் ஒரு மீற்றரளவோ அதனினுங் குறைந்தோ இருத்தலின், தோணியிற் செல்வோர் அதனை உணரார். துறைக்கு மீண்டபின்னரே அழிவைக் காண்பர். அதனால் இப்பெயர் வந்ததென்பர்.

இதன் வேகத்தை நம் மாணவரே கணிக்கலாம். கடலின் ஆழத்தை மீற்றரிற் கொண்டு 9.8 ஆற் பெருக்கி, வரும் எண்ணின் வர்க்கமூலத்தைக் கண்டால், அதுவே செக்கனுக்கு இத்தனை மீற்றர் என்னும் வேகமாகும். ஆழம் 4,000 மீற்றராயின் வேகம் ஏறத்தாழ 198 மீற்றர். அதாவது மணித்தியாலத்துக்கு 713 கிலோமீற்றர். சுமாத்திராவின் வடமுனைக்கும் திருக்கோணமலைக்கும் இடைத்தூரம் ஏறத்தாழ 1,500 கிலோமீற்றர். வகுத்துப் பார்ப்பின் இரண்டு மணித்தியாலத்துக்குச் சிறிது கூடுதலான காலம் வரும். கரையருகே ஆழம் 10 மீற்றராகக் குறையும்போது வேகம் 36 கிலோமீற்றராகத் தளரும். முன்னே செல்லும் நீர் தளரப் பின்னே வரும் நீர் நெருக்க, அலை உயர்ந்தெழும். தளர்ந்த அவ்வேகமும் மனிதன் ஓடித் தப்புதற்கு அரியதே. எனவே அலையைக் கண்டபின் ஓடுதலினும் அதன் வரவை முன்னறிந்து விலகுதலே காப்பாகும்.

அறிந்தோர் பிழைத்தனர்

முன்னறிவினாற் பிழைத்தோர் அன்றும் உளர். சுமாத்திராவின் மேற்கே சிமெலூ என்றொரு தீவுண்டு. 1907ஆம் ஆண்டில் அங்கே கடல் பொங்கிப் பலரை விழுங்கிற்று. தப்பினோர் அதற்கு ஸ்மோங் எனப் பெயரிட்டு, நிலம் வலிதாய் நடுங்கிக் கடல் வற்றுமாயின் உடனே மேட்டுக்கு ஓடுக என்னும் அறிவுரையைப் பாட்டிலுங் கதையிலும் அமைத்து மக்களுக்கும் பேரருக்கும் வழங்கினர். 97 ஆண்டுகள் கழிந்து மீண்டும் நிலம் நடுங்கியபோது, “ஸ்மோங்” என்ற ஒரு கூவலே அவர்க்கு எச்சரிக்கையாயிற்று. ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் இறந்தோர் எழுவரே.

தாய்லாந்தின் புக்கெட் தீவிலோ, விடுமுறைக்கு வந்த தில்லி சிமித் என்னும் பத்து வயது ஆங்கிலச் சிறுமி, கடல்நீர் நுரைத்துப் பொங்குவதைக் கண்டு, இரு கிழமைக்கு முன் புவியியல் வகுப்பிற் கற்றதை நினைவு கூர்ந்தாள். அவள் பெற்றோரிடம் முறையிட, கரையில் நின்ற நூறு பேரளவில் விலகி உய்ந்தனர். முன்னையது பாட்டி சொன்ன கதை. பின்னையது ஆசிரியர் நடத்திய பாடம். இரண்டும் உயிர் காத்தன.

நமக்கும் கடல்கோள் என்றொரு சொல் உண்டு. ஸ்மோங் என்பதினும் எத்தனையோ நூற்றாண்டு மூத்தது. அவர்தஞ் சொல், கேட்டவுடன் எழுந்தோடுதற்குரிய கட்டளையாய் நின்றது. நம் சொல்லோ இரண்டு புள்ளிக்குரிய விடையாய்ச் சுருங்கிற்று. சுருக்கியவர் எம்போன்ற ஆசிரியரே என்பதைக் கூறாது விடல் நேர்மையாகாது.

இரவல் அறிவின் எல்லை

அங்ஙனமாயின் சிமெலூ மக்களின் விதியையே நாமுங் கைக்கொள்ளலாமே எனின், அஃது அமையாது. அவர்க்கு நிலநடுக்கமே முதலெச்சரிக்கை. நமக்கோ நடுக்கம் நெடுந்தொலைவில் நிகழ்வதால் அதனை நம்பியிருத்தல் இயலாது. அன்றியும், பிளவின் கிழக்கே தாய்லாந்துப் பக்கம் கடல் முதலில் வற்றிப் பின் பொங்கிற்று. மேற்கே நம் பக்கமோ கடல் முதலிற் பொங்கி, அதன்பின் வற்றி, மீண்டும் பெரிதாய் வந்தது. பிளவின் ஒருபுறத்தே கடலடி தாழ்ந்ததும் மறுபுறத்தே உயர்ந்ததுமே இவ்வேறுபாட்டுக்குக் காரணம். கடல் வற்றட்டும், பார்ப்போம் என இரவலறிவோடு காத்திருப்பவனுக்கு முதலலையே யமனாதல் கூடும். முதலலையோடு ஆபத்து நீங்கிற்றென எண்ணி, வற்றிய கடலில் மீன் பொறுக்கச் செல்பவனை இரண்டாமலை கொள்ளும். ஓரிடத்து உண்மையை மற்றோரிடத்துக்கு ஏற்றுமுன் ஆராய்தல் வேண்டும் என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

2012ஆம் ஆண்டு ஏப்பிரல் 11ஆம் நாள் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் மீண்டும் ஒரு நடுக்கம் நிகழ்ந்தது. எச்சரிக்கை வந்தது; கரையோர மக்கள் உள்ளூர் நோக்கிச் சென்றனர்; பேரலை வரவில்லை. விஞ்ஞானிகள் பொய்யுரைத்தனர் எனச் சிலர் முணுமுணுத்தனர். அன்று கடலடிப் பாறைகள் பெரும்பாலும் பக்கவாட்டில் நகர்ந்தனவேயன்றி மேலுங்கீழுமாய் எழவில்லை. நீர் தூக்கப்படாமையாற் பேரலை பிறக்கவில்லை. இவ்விளக்கம் மக்களைச் சென்றடையாவிடின் அடுத்த எச்சரிக்கையை அவர் மதியார். கருவியும் கணிப்பும் எத்துணைச் சிறந்தனவாயினும், மக்கள் மொழியில் விளக்கமும் மக்கள் மனத்தில் நம்பிக்கையும் இல்லாவழிப் பயன்படா.

பெருமையும் சான்றும்

ஈண்டு மற்றொரு தவற்றையும் விலக்குதல் வேண்டும். 2004இன் பின்னர், பழந்தமிழர் சுனாமியை முன்னரே அறிந்திருந்தனர் என மேடைகள் முழங்கின. அம்பாந்தோட்டைப் பக்கத்துக் கரகன் களப்பின் அடிச்சேற்றைத் துளைத்தெடுத்து ஆராய்ந்தோர், பல்லாயிரம் ஆண்டுகளில் பன்முறை பேரலைகள் கொணர்ந்திட்ட மணற்படைகளைக் கண்டு 2014இல் வெளியிட்டனர். ஆகவே இக்கடலுக்குப் பேரலை புதிதன்று. ஆயினும் அம்மணற்படை கபாடபுரத்திற்குச் சான்றாகாது. உரையாசிரியர் கூற்று வேறு. மணல் கூறுவது வேறு. இரண்டையும் அருகருகே வைத்து, எது தெரியும், எது தெரியாது எனப் பிரித்தறிதலே ஆராய்ச்சி மனப்பான்மை. பெருமைக்குச் சான்று தேடுவோன் வழக்கறிஞனாதல் கூடும், ஆராய்ச்சியாளன் ஆகான்.

அடிகளார் காட்டிய நெறி

இந்நெறிக்கு முன்மாதிரி தேடி நாம் நெடுந்தூரஞ் செல்லவேண்டியதில்லை. இராமகிருஷ்ண சங்கம் 1925இல் திருக்கோணமலை இந்துக் கல்லூரியை ஏற்றபின் அதன் அதிபராயும் விளங்கிய விபுலாநந்த அடிகளார், மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர். இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரி. இவ்விரு கல்வியையும் அவர் வெவ்வேறு பெட்டியில் இட்டுப் பூட்டினாரல்லர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையையும் அதன் உரையையும் எடுத்து, நரம்பின் நீளத்துக்கும் ஒலிக்குமுள்ள கணிதத்தால் அளந்து, மறைந்துபோன யாழ்களின் அமைப்பை நிறுவ முயன்றார். பல்லாண்டு உழைப்பின் பயனாகிய யாழ்நூலைக் கரந்தைத் தமிழ்ச் சங்கம் 1947இல் வெளியிட்டது. 1936இற் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. அதற்கும் எழுபதாண்டு முன்னரே மானிப்பாயில் சாமுவேல் கிறீன் வைத்தியர் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். விஞ்ஞானம் மன்பதையைச் சேரும் வழி தாய்மொழியே என்பதை இவ்விருவரும் செய்து காட்டினர்.

நாம் செய்யத்தக்கது

இன்று நம் வகுப்புகளில் அமர்ந்திருக்கும் மாணவர் யாவரும் 2004இன் பின்னர்ப் பிறந்தோர். கடல் ஊருட் புகுந்ததை அவர் கண்டிலர். கண்டோர் முதுமையுறுகின்றனர். சிமெலூ மக்கள் 97 ஆண்டுகள் காத்த அறிவை நாம் இருபது ஆண்டுகளிலேயே நழுவவிடல் தகுமோ?

பெரும்பொருட் செலவின்றிச் செய்யத்தக்கவை சில உள. கடல்கோள் பாடத்தைத் தமிழாசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் ஒரே வகுப்பில் ஒருங்கு நின்று நடத்துக. மாணவர் தத்தம் ஊர் முதியோரை அணுகி, அலை எத்திசையினின்று எப்பொழுது வந்தது, எத்தனை முறை வந்தது, நீர் எவ்வளவு உயர்ந்தது, எந்த மேட்டில் மக்கள் தங்கினர் என்பவற்றைக் கேட்டெழுதுக. ஒருவர் கூற்றை மற்றொருவர் கூற்றோடு ஒப்பிட்டு, முரண்பட்டவிடத்து முரணையுங் குறித்து வைக்க. துறைமுகத்திலும் நில அளவைத் திணைக்களத்திலும் மீன்பிடித் தொழிலிலும் உள்ள பழைய மாணவர் வகுப்பறைக்கு வந்து வற்றுப்பெருக்கையும் கடலாழத்தையும் விளக்குக. அவ்வேடுகள் கல்லூரி நூலகத்தில் இடம்பெறுமாயின் அதுவே இவ்விழாவின் நிலையான நினைவுச்சின்னமாகும். ஆராய்ச்சியும் இங்கே தொடங்கியதாகும்.

எமக்கு வாய்த்த வினாவை நாம் இழந்தோம். அதன்பின் இத்தனை ஆண்டுகளில், “அது பரீட்சைக்கு வராது” என்னுந் தொடரை நாம் வகுப்பில் உரைத்ததில்லை. இனி எழும் மாணவன் எவனும் வினவியபின் விடையின்றி அமராதிருப்பானாக. கல்லூரி வாழ்க, அதன் கல்வி கரையோரக் குடில்வரை சென்று காக்க.