வண்டிப் பித்தும் ஆர்.டி.ஓ. அலுவலகமும்

2019 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் ஒரு வண்டி எண் ஏலத்துக்கு வந்தது: கே.எல். 01 சி.கே. 1. புதிதாக போர்ஷே 718 பாக்ஸ்டர் வாங்கியிருந்த ஒருவர் அதை எடுத்தார். ஏலத் தொகை 30 லட்சம், கட்டணம் ஒரு லட்சம், ஆக 31 லட்சம் ரூபாய். தகட்டில் எழுதும் சில எழுத்துகளுக்கு இவ்வளவா என்று நீங்கள் கேட்கலாம். அரசு கேட்காது, பணம் அதற்குத்தானே போகிறது. ஆனால் அதில் பத்தில் ஒரு பங்கைச் செலவழித்து, அதே காரின் உடலை வெட்டி ஒட்டி மனசுக்குப் பிடித்த வடிவத்துக்குக் கொண்டுவந்திருந்தால் அந்தக் கார் சாலையில் ஓட முடியாது.

ஏனென்றால் அதற்கு முந்தைய மாதம், ஜனவரி 9 அன்று, உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொல்லியிருந்தது. வழக்கே கேரளத்திலிருந்து போனதுதான். வண்டியின் அமைப்பை மாற்ற மாநில விதிகளில் இடம் இருக்கிறது என்று கேரள உயர் நீதிமன்றம் சொன்னதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவே மேலானது. தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்றது.

கார்ப் பித்துப் பிடித்தவர்களுக்கு இந்த ஊரில் இரண்டு உலகம் உண்டு. ஒன்று சாலையில் ஓடுகிற பெரிய வண்டி, இன்னொன்று அலமாரியில் நிற்கிற சின்ன வண்டி. முதலாவதைச் சட்டம் இறுக்க இறுக்க, கைத்திறமை இரண்டாவதன் பக்கம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. இரண்டையும் வரிசையாகப் பார்ப்போம்.

பெரிய வண்டியில் என்ன செய்யலாம்? நிறம் மாற்றலாம், அதை ஆர்.சி.யில் ஏற்றிவிட வேண்டும். முன் அனுமதியோடு எஞ்சினை அதே வகை எஞ்சினாக மாற்றலாம். அங்கீகரிக்கப்பட்ட கேஸ் கிட் போடலாம். மாற்றுத்திறனாளிகள் ஓட்டுவதற்கு ஏற்றபடி அனுமதி பெற்று மாற்றி அமைக்கலாம். நிறத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. பழைய வில்லீஸ் ஜீப்பை எடுத்துச் செப்பனிடுகிற பலருக்கும் ராணுவப் பச்சை அடிக்க ஆசை. மத்திய மோட்டார் வாகன விதி 121, அந்த ஆலிவ் பச்சையைப் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறது.

கூடாதவற்றின் பட்டியல் நீளம். சட்டத்தில் 2019-ல் திருத்திய 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ‘ஒவ்வொரு’ என்பதைக் கவனியுங்கள். விளக்கு ஒன்று, சைலன்சர் ஒன்று என்று தனித்தனியாக எண்ணினால் தொகை சீக்கிரம் ஏறிவிடும்.

இவை எல்லாமே அதிகாரிகளின் பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம். முன் பம்பருக்கு முன்னால் மாட்டும் இரும்புக் கம்பியை (புல் பார்) 2017 டிசம்பரில் மத்திய அரசு தடை செய்தது. மோதும்போது காரின் முன்பகுதி நசுங்கித்தான் அடியின் வேகத்தை வாங்கிக்கொள்கிறது. அந்த அதிர்வை உணர்ந்துதான் ஏர்பேக் விரிகிறது. நடுவே கம்பி நின்றால் அடி நேராக சேசிஸில் இறங்கும், ஏர்பேக்கின் கணக்கும் தப்பும். ஹாலஜன் பல்புக்காகச் செய்த முகப்பு விளக்கில் எல்.இ.டி.யைச் செருகுவதும் அப்படித்தான். உள்ளே இருக்கும் குழிக்கண்ணாடியின் வளைவு ஹாலஜன் இழை இருக்கும் இடத்தைக் குறிவைத்துச் செய்யப்பட்டது. ஒளி வேறு இடத்திலிருந்து வந்தால் அது சாலையில் விழாமல் எதிரே வருபவர் கண்ணில் விழும்.

கண்ணாடி ஃபிலிம் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் தளர்வு வந்திருக்கிறது. 2012-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. பிறகு விதிகள் திருத்தப்பட்டன. முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீதமும், பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் ஒளி ஊடுருவினால் அபராதம் போட முடியாது என்று 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. மார்ச் மாத வெயிலில் இந்த ஊரில் கார் ஓட்டியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று தெரியும்.

கேரளத்தில் கெடுபிடி இவ்வளவு கூடியதற்கு ஒரு துயரம் பின்னணி. 2022 அக்டோபர் 5 இரவு, பள்ளிப் பிள்ளைகளை ஊட்டிக்கு அழைத்துப் போன சுற்றுலாப் பேருந்து, பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியில் அரசுப் பேருந்தின் பின்னால் மோதியது. ஒன்பது பேர் இறந்தார்கள். அதுவரை கேரளச் சுற்றுலாப் பேருந்துகள் ஓடும் திருவிழாக்கள்: உடம்பெல்லாம் சித்திரம், லேசர் விளக்கு, காது கிழியும் ஒலிபெருக்கி. அந்த விபத்துக்குப் பின் வெள்ளை நிறம்தான் அடிக்க வேண்டும் என்ற விதி கறாராக அமலானது. 2024-ல் ஆலப்புழையில் யூட்யூபர் ஒருவர் காருக்குள் தார்ப்பாய் விரித்துத் தண்ணீர் நிரப்பி நீச்சல் குளமாக்கிக்கொண்டு நடுச்சாலையில் ஓட்டினார். ஓட்டுநர் உரிமம் போயிற்று. இப்படிப்பட்டவர்களால்தான் ஒழுங்காக வண்டி கட்டத் தெரிந்தவர்களுக்கும் பெயர் கெடுகிறது என்பது என் எண்ணம்.

அப்படியென்றால் வண்டி கட்டும் ஆசையோடு வளர்ந்தவர் என்ன செய்வது? பொதுச் சாலைக்கு வராத வண்டிக்கு இந்தக் கட்டுப்பாடுகள் இல்லை. பொறியியல் மாணவர்கள் எஸ்.ஏ.இ. இந்தியா நடத்தும் பாஹா போட்டிக்காக பக்கி வண்டியைக் குழாயிலிருந்து வளைத்துக் கட்டுகிறார்கள். இடுக்கியில் ஒருவர் தன் பிள்ளைகளுக்காகக் குட்டி ஆட்டோ ஒன்றைச் செய்தார். மோட்டார், விளக்கு, ஹாரன் எல்லாம் வேலை செய்யும். ‘ஏய் ஆட்டோ’ படத்தில் மோகன்லால் ஓட்டும் ஆட்டோவின் பெயரான ‘சுந்தரி’யையே அதற்கும் வைத்தார். இவை முற்றத்தில் ஓடலாம். கேட்டைத் தாண்டக் கூடாது.

எதையும் மாற்றாமல் காப்பாற்றுகிறவர்களுக்குத் தனி மரியாதை உண்டு. 50 ஆண்டு தாண்டி, சேசிஸ், உடல், எஞ்சினில் பெரிய மாற்றம் இல்லாமல் இருக்கும் வண்டியை ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்ய 2021-ல் வழி வந்தது. கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும். எண்ணின் நடுவே ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். அன்றாடம் ஓட்டவும் வாடகைக்கு விடவும் முடியாது. திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் உத்ராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா 1950களின் மெர்சிடஸ் பென்ஸ் 180 ஒன்றைக் கடைசிவரை விடாமல் வைத்திருந்தார். இந்த ஊரில் பழைய கார் பேச்சு வந்தால் அது இல்லாமல் முடிவதில்லை.

வண்டி கட்டுவது இந்த ஊருக்குப் புதிதல்ல. 1938 பிப்ரவரி 20 அன்று சித்திரைத் திருநாள் மகாராஜா திருவிதாங்கூர் அரசுப் போக்குவரத்தைத் தொடங்கி வைத்தார். பொறுப்பாளர் இ.ஜி. சால்ட்டர் லண்டன் போக்குவரத்து நிறுவனத்திலிருந்து வந்தவர். கோமர் சேசிஸும் பெர்கின்ஸ் டீசல் எஞ்சினும் இங்கிலாந்திலிருந்து இறங்கின. அவற்றின் மேல் உடல் கட்டியவர்கள் உள்ளூர்த் தொழிலாளர்கள். பிற்காலத்தில் கே.எஸ்.ஆர்.டி.சி.யின் பாப்பனங்கோடு பணிமனை அந்த வேலையைத் தொடர்ந்தது. சேசிஸை மட்டும் வாங்கிக் கட்டை, தகரம், ரிவெட் கொண்டு உடல் கட்டுவதுதான் நம் பக்கத்து ‘கஸ்டம் பில்ட்’. பேருந்து உடல் கட்டும் கரூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இன்று அதற்கும் ஏ.ஐ.எஸ். 052 என்ற பேருந்து உடல் தரவிதி வந்துவிட்டது. இருக்கை இடைவெளியிலிருந்து அவசர வழிவரை எல்லாவற்றுக்கும் அளவு உண்டு.

இப்போது சின்ன வண்டிக்கு வருவோம். கேரளத்தில் மாதிரி வண்டி என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கார் அல்ல, ‘ஆனவண்டி’ என்று செல்லமாக அழைக்கப்படும் அரசுப் பேருந்து. பள்ளிப் பையன்களிலிருந்து ஓய்வு பெற்ற ஓட்டுநர்கள்வரை அதைச் செய்கிறார்கள். வெள்ளையடிக்கப்பட்ட சுற்றுலாப் பேருந்துகளின் பழைய சித்திரங்களும் இப்போது இந்தப் பொம்மைகளிலும், ‘பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா’ என்ற கைப்பேசி விளையாட்டிலும்தான் உயிரோடு இருக்கின்றன.

மாதிரியின் அடிப்படை ஒரே ஒரு வகுத்தல் கணக்கு. 1:20 என்றால் அசலின் எல்லா அளவையும் 20-ஆல் வகுக்க வேண்டும். 12 மீட்டர் நீளப் பேருந்து 60 சென்டிமீட்டர் ஆகும், 2.6 மீட்டர் அகலம் 13 சென்டிமீட்டர் ஆகும். எல்லாரும் தவறும் இடம் பொருளின் தடிமன். 3 மில்லிமீட்டர் ஃபோம் ஷீட் 1:20-ல் 6 சென்டிமீட்டர் சுவருக்குச் சமம். ஜன்னல்களுக்கு நடுவே வரும் தூண்களுக்கு அது பொருந்தும்; கதவுக்கும் கண்ணாடிச் சட்டத்துக்கும் பொருந்தாது. அதனால் தேர்ந்த கைகள் அங்கே மெல்லிய தாளுக்கு மாறுகின்றன. முகம் நன்றாக வந்தும் பேருந்து ஏனோ பொம்மையாகத் தெரிந்தால், பெரும்பாலும் குற்றவாளி இந்தத் தடிமன்தான்.

ஃபோம் ஷீட் என்று கடைக்காரர் தருவது பெரும்பாலும் பி.வி.சி. பலகை. அதை பிளேடால் வெட்டலாம், சட்டென ஒட்டும் பசையால் இணைக்கலாம், ஸ்ப்ரே பெயின்ட் தாங்கும். தெர்மோகோல் வாங்கி ஏமாறாதீர்கள்; தின்னர் பட்டதும் கரைந்து குழி விழுந்துவிடும். கண்ணாடிக்கு ஓ.எச்.பி. தாள், எழுத்துக்கு ஸ்டிக்கர், சக்கரத்துக்குப் பழைய ஹவாய் செருப்பு. செருப்பு ரப்பர் சக்கரம் நம் கிராமத்துப் பிள்ளைகள் கண்டுபிடித்துப் பல தலைமுறை ஆகிறது.

கடையில் வாங்கும் உலோக மாதிரிகளுக்கு அளவுகள் வந்த வழி வேறு. பிரிட்டனில் ஓ கேஜ் பொம்மை ரயிலுக்கு ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்று வைத்தார்கள். கணக்குப் போட்டால் அது ஏறக்குறைய 1:43. அந்த ரயில் நிலையத்துக்கு வெளியே நிறுத்தக் கார் வேண்டியிருந்ததால் கார்களும் அந்த அளவைப் பிடித்துக்கொண்டன. 4,325 மில்லிமீட்டர் நீள அம்பாசடர் 1:43-ல் 10 சென்டிமீட்டர், 1:18-ல் 24, 1:64-ல் 7-க்குக் கொஞ்சம் குறைவு. எடைக் கணக்கு இன்னும் வேடிக்கை. நீளம் 18-ல் ஒன்றானால் எடை 18-ஐ மூன்று முறை பெருக்கிய 5,832-ல் ஒன்றாக வேண்டும். அப்படிப் பார்த்தால் 1:18 அம்பாசடர் 200 கிராமை ஒட்டித்தான் இருக்க வேண்டும். கையில் கனமாக இருந்தால் நல்ல மாதிரி என்று மெச்சுகிறோமே, அது உண்மையில் அளவு மீறிய கனம்.

இந்தியாவுக்கும் இதில் பங்கு உண்டு. பிரிட்டனின் டிங்கி பொம்மைக் கார்களின் பழைய அச்சுகள் 1960களின் கடைசியில் கல்கத்தாவுக்கு வந்து, ‘நிக்கி டாய்ஸ்’ என்ற பெயரில் கார்களாயின. 1980களில் லியோ மேட்டல் இங்கேயே ஹாட் வீல்ஸ் செய்தது. அன்று கடையில் தேங்கியவற்றை இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள். ஹாட் வீல்ஸின் பிறப்பே கஸ்டம் கார்களில்தான்: 1968-ல் வந்த முதல் 16 மாதிரிகளில் பலவும் கலிபோர்னியா இளைஞர்கள் மாற்றிக் கட்டிய கார்களின் சாயல் கொண்டவை. 2018 முதல் அந்த நிறுவனமே மனிதர்கள் கட்டிய அசல் கார்களுக்குப் போட்டி வைத்து, வென்றதை 1:64-ல் வார்த்து விற்கிறது. முதலில் வென்றது ‘2 ஜெட் இசட்’ என்ற கார்.

திருவனந்தபுரத்தில் சேகரிப்பவருக்கு ஆர்.டி.ஓ. தொல்லை இல்லை, காற்று ஈரம்தான் பகை. இந்த மாதிரிகள் துத்தநாகக் கலவையில் வார்க்கப்படுகின்றன. வார்ப்பில் ஈயம் கலந்திருந்தால், ஈரக் காற்றில் ஆண்டுக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே அரித்து, வெடிப்பு விட்டு, கடைசியில் மாவாக உதிரும். தொடங்கிவிட்டால் மருந்து கிடையாது. சிலிக்கா ஜெல் பை போட்ட மூடிய கண்ணாடி அலமாரி, நேர் வெயில் படாத சுவர் ஆகிய இரண்டும் போதும். மென்மையான டயர்கள் பிளாஸ்டிக் மேல் நெடுநாள் அழுந்தி நின்றால் அதை உருக்கிவிடும். அடியில் ஒரு காகிதத் துண்டு வையுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 15 ஆண்டு தாண்டிய அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது என்ற மத்திய விதி 2023 ஏப்ரல் 1 முதல் வந்திருக்கிறது. பாப்பனங்கோட்டிலும் நாகர்கோவிலிலும் கையால் உடல் கட்டிய பேருந்துகள் ஒவ்வொன்றாகப் பழைய இரும்புக்குப் போகின்றன. தயாரிப்பாளரின் வரைபடம் சேசிஸுக்குத்தான் கிடைக்கும். மேலே கட்டிய உடலுக்கு அந்தப் பேருந்தே வரைபடம். அப்படி ஒன்று ஓரமாக நிற்கக் கண்டால் அனுமதி கேட்டு, டேப்பைப் பிடித்து அளந்து வையுங்கள்: இரு சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம், தரையிலிருந்து கூரை உயரம், ஒரு ஜன்னலின் அகலம், தூணின் தடிமன். நாலாபுறமும் தள்ளி நின்று நேராகப் படம் எடுங்கள். கிட்டே போய் எடுத்தால் விளிம்புகள் வளைந்து கணக்கு கெடும்.