150 கார்களில் ஒன்று பழுதானால்

காஜாங்கில் ஒருவரிடம் புரோட்டோன் சத்ரியா ஆர்3 கார் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் காலையில் இயந்திரத்தின் பக்கமிருந்து மெல்லிய முனகல் கேட்கிறது. உதிரிபாகக் கடைக்குப் போய், "அண்ணே, ஆர்3 சாமான் இருக்கா?" என்று கேட்கிறார். கடைக்காரர் இல்லை என்று கையை விரிக்கிறார். மூன்று கடைகளிலும் அதே பதில்.

கடைக்காரர்கள் மேல் தப்பில்லை. கேட்ட விதம்தான் சரியில்லை.

ஆர்3 என்பது புரோட்டோனின் பந்தயப் பிரிவின் பெயர். ரேஸ், ரேலி, ரிசர்ச் ஆகிய மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளிலிருந்து வந்தது. அந்தப் பிரிவு 2004இல் சத்ரியா ஜிடிஐ காரை அடிப்படையாக வைத்து உருவாக்கிய சிறப்புப் பதிப்பில் மொத்தம் 150 கார்கள்தான். சாலையில் ஓடும் 150 கார்களுக்காக எந்தக் கடைக்காரர் பொருளை வாங்கி அடுக்கி வைப்பார்?

ஆனால் தயாரிப்பாளருக்கும் இதே சிக்கல் உண்டு. ஒரு பின்விளக்குக்கு அச்சு செய்வது மிகுந்த செலவு பிடிக்கும் வேலை. அந்தச் செலவை லட்சம் கார்களில் பங்கிட்டால் தெரியாது. நூறு கார்களில் பங்கிட்டால் தாங்காது. அதனால் சிறு எண்ணிக்கையில் கார் செய்பவர்கள் வேறு வண்டிகளின் பாகங்களை எடுத்துப் பொருத்திக்கொள்வது உலக வழக்கம். மொத்தம் 106 மட்டுமே செய்யப்பட்ட மெக்லாரன் எஃப்1 காரின் பின்விளக்குகள் போவா என்ற டச்சு நிறுவனத்தின் சுற்றுலாப் பேருந்திலிருந்து வந்தவை. 1987இல் புது வடிவம் பெற்ற லோட்டஸ் எஸ்பிரிட் காரின் பின்புறத்தில் இருந்தவை டொயோட்டா ஏஇ86இன் விளக்குகள். ஆம், 'இனிஷியல் டி' பார்த்தவர்களுக்கு நன்கு தெரிந்த அதே ஏஇ86 குடும்பம்தான்.

ஆகவே, 'இது எந்தக் காரின் பாகம்?' என்று கேட்பதைவிட 'இதை முதலில் யார், எதற்காகச் செய்தார்கள்?' என்று கேட்பதுதான் வழி.

ஆர்3இன் இயந்திரம் 1.8 லிட்டர் மிட்சுபிஷி 4ஜி93. இரட்டை கேம்ஷாஃப்ட் கொண்ட வீரா 1.8, புத்ரா ஆகியவற்றிலும் அதே இயந்திரம்தான் இருந்தது. பாகத்தின் மீதோ பழைய பெட்டியின் மீதோ உள்ள எண்ணைப் பாருங்கள். 'பிடபிள்யூ' என்று தொடங்கினால் அது புரோட்டோன் எண். 'எம்டி' என்று தொடங்கினால் மிட்சுபிஷி எண். இரண்டாவது வகை கையில் கிடைத்துவிட்டால் தேடலின் எல்லை காஜாங்கிலிருந்து ஜப்பான் வரை விரிந்துவிடும்.

நம்மவரின் முனகலுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. சத்தம் ஆல்டர்னேட்டரின் பேரிங்கில் இருந்து வருகிறது என்று பட்டறையில் கண்டுபிடித்தார்கள் என்று கொள்வோம். பேரிங் எந்தக் காருக்கும் சொந்தமில்லை. அதன் ஓரத்தில் 6204 என்று பொறித்திருந்தால், கடைசி இரண்டு இலக்கங்களை 5ஆல் பெருக்குங்கள். உள்விட்டம் 20 மில்லிமீட்டர். 6205 என்றால் 25. இந்தக் கணக்கு 04இலிருந்துதான் செல்லும். 6203இன் உள்விட்டம் 15 அல்ல, 17. எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளையும் விட்டுவிடக் கூடாது. 'இசட்இசட்' என்றால் இருபுறமும் உலோக மூடி, '2ஆர்எஸ்' என்றால் இருபுறமும் ரப்பர் மூடி, 'சி3' என்றால் உள்ளே வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதல் இடைவெளி. சூட்டில் உலோகம் விரியும்போது அந்த இடைவெளி வேண்டும். தொழிற்சாலைகளுக்கு பேரிங் விற்கும் கடையில் இந்த எண்ணைச் சொன்னால் போதும். காரின் பெயரையே யாரும் கேட்கமாட்டார்கள்.

அடுத்த வழி, நம் நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஹாஃப்-கட். ஜப்பானில் ஓடி முடித்த கார்களின் முன்பாதியை வெட்டி இறக்குமதி செய்கிறார்கள். இயந்திரம், கியர்பாக்ஸ், வயரிங் எல்லாம் ஒன்றாகக் கிடைக்கும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 4ஜி93 என்ற பெயரில் டர்போ இயந்திரமும் உண்டு, எரிபொருளை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இயந்திரமும் உண்டு. பெயர் ஒன்றாக இருந்தாலும் பிஸ்டன் வேறு, தலைப்பகுதி வேறு, எரிபொருள் பம்பும் வேறு. பழைய இயந்திரத்தை வாங்கினாலும் டைமிங் பெல்ட்டைப் புதிதாகத்தான் போட வேண்டும். அது அறுந்தால் வால்வுகள் வளைந்து இயந்திரமே வீணாகிவிடக்கூடும். பிரேக் குழாய், காற்றுப்பை போன்றவற்றைப் பழைய வண்டியிலிருந்து எடுப்பது உயிரோடு விளையாடுவது. இயந்திரத்தையே மாற்றினால் புஸ்பாகோம் பரிசோதனையும் ஜேபிஜே அனுமதியும் தேவை. இல்லையென்றால் பதிவில் உள்ள இயந்திர எண்ணும் வண்டியில் உள்ள எண்ணும் ஒத்துப்போகாது.

இவை எதிலும் அகப்படாத பாகங்களும் உண்டு. ஆர்3இன் உடற்கூட்டில் சாதாரண சத்ரியாவைவிடக் கூடுதலாகப் பற்றவைத்திருக்கிறார்கள். விபத்தில் நசுங்கினால் சாதாரண சத்ரியாவின் துண்டை வெட்டி ஒட்டிவிட்டு, பழையபடி ஆகிவிட்டது என்று சொல்ல முடியாது. அந்தப் பற்றவைப்பையும் திரும்பச் செய்யத் தெரிந்தவர் வேண்டும்.

உள்ளே இருக்கும் சிறு பிளாஸ்டிக் கொக்கிகளை அளந்து, கணினியில் வரைந்து, முப்பரிமாண அச்சில் எடுக்கலாம். பொறியியல் படிப்பவர்கள் பலருக்கு இது கைவந்த கலை. ஆனால் கல்லூரி ஆய்வகங்களில் அதிகம் புழங்கும் பிஎல்ஏ பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். மத்தியான வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டு அந்தச் சூட்டை எளிதாக எட்டிவிடும். காலையில் கச்சிதமாகப் பொருந்திய கொக்கி மாலையில் மெழுகுபோல் வளைந்து தொங்கும். ஏஎஸ்ஏ போன்ற, சூட்டையும் வெயிலையும் தாங்கும் பிளாஸ்டிக்கில்தான் அதை மறுபடி அச்சிட வேண்டியிருக்கும்.

காஜாங் காரின் முனகல் ஒரு பேரிங்கோடு நின்றுவிட்டது. இனி டாஷ்போர்டில் உடைந்திருக்கும் கொக்கி ஒன்றை யாராவது அளந்து கொடுக்க வேண்டும்.