வெயிலின் அளவும் நிழலின் பாடமும்



வெயில் என்றதும் நாம் சூட்டையே நினைக்கிறோம். ஆனால் தோலைக் கருக்குவதும், காலப்போக்கில் கண்ணில் புரை வளரத் துணைசெய்வதும் கண்ணுக்குப் புலப்படாத புறஊதாக் கதிர்களாகும். சூரியக் கதிர்வீச்சு புற்றுநோயை உண்டாக்க வல்லது எனச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1992இல் வகைப்படுத்தியது. கருத்த மேனிக்கு ஓரளவு இயற்கைப் பாதுகாப்பு உண்டு. கண்களுக்கு அது இல்லை.

குளிர்ந்த இடத்தில் இக்கதிர்கள் குறைவு என்று எண்ணிவிடாதீர்கள். 1000 மீட்டர் உயரத்திற்கு ஏறத்தாழ 10 விழுக்காடு அவை கூடுகின்றன. மெல்லிய மேகமும் அவற்றைத் தடுப்பதில்லை.

இவற்றை அளக்கப் ‘புறஊதாக் குறியீடு’ என்னும் அளவை உண்டு. 2 வரை குறைவு. 3 முதல் 5 வரை மிதம். 6, 7 அதிகம். 8 முதல் 10 வரை மிக அதிகம். 11உம் அதற்கு மேலும் கடுமை. நம் கோடை நண்பகலில் இது 11ஐத் தாண்டுவதுண்டு. 3ஐ எட்டினாலே பாதுகாப்புத் தேவை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

கருவி இல்லாதவருக்கு நிழலே கருவி. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் கதிர்கள் வலுவாக உள்ளன. நீளமாக இருந்தால் தணிந்துள்ளன. அஸர் நேரத்தை நிழலால் அறியும் நமக்கு இக்கணக்கு புதிதன்று. உச்சிநேர நிழலை நீக்கி, ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தை எட்டும்போது ஷாஃபிஈ மத்ஹபின்படி அஸர் தொடங்குகிறது. அப்போது வெயிலின் கடுமை பெரும்பாலும் கழிந்திருக்கும்.

அதற்காக வெயிலை முற்றிலும் ஒதுக்கிவிடலாமா? கூடாது. எலும்புக்கு உரமூட்டும் வைட்டமின் டி, இதே கதிர்களால்தான் தோலில் உருவாகிறது. அது குறைந்தால் குழந்தைகளின் கால்கள் வளையும். பெரியவர்களின் எலும்பு மென்மையாகும். நிழல் நீண்டிருக்கும் அதிகாலை வெயிலில் அது மிகக் குறைவாகவே கிடைக்கும். மூடிய கண்ணாடிச் சன்னல் வழியே வரும் வெயிலில் அநேகமாகக் கிடைப்பதேயில்லை.

ஆகவே நாள் முழுதும் வீட்டினுள் இருக்கும் நம் தாய்மார்களும் சகோதரிகளும், மறைவான முற்றத்திலோ மொட்டைமாடியிலோ முகமும் கைகளும் வெயில்படச் சிறிது நேரம் இருப்பது நன்று. தோல் எரியும்வரை நிற்க வேண்டாம். ஓயாத எலும்பு வலி இருப்பின், மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

வயலிலும் கடலிலும் கட்டடத்திலும் உழைப்போர் முழுக்கைச் சட்டையும் தலைப்பாகையும் அணியட்டும். விடுமுறையில் விளையாடும் பிள்ளைகளை நண்பகலில் நிழலுக்கு அழையுங்கள். உடல் நம்மிடம் உள்ள அமானிதம், அதைப் பேணுவோம்.