ஒரே பெயர், இரண்டு கார்டு

2025 ஏப்ரல் 16 அன்று என்விடியா நிறுவனம் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ என்ற கிராபிக்ஸ் கார்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயர் ஒன்று, வந்த கார்டுகள் இரண்டு. ஒன்றில் 8 ஜிபி நினைவகம், அறிவித்த விலை 379 டாலர். மற்றதில் 16 ஜிபி, விலை 429 டாலர். சில்லு அதேதான், நினைவகத்தின் வேகமும் அதேதான், அளவு மட்டும் வேறு. ஜூன் 5 அன்று ஏஎம்டியும் இதையே செய்தது: ரேடியான் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி கார்டு 8 ஜிபியில் 299 டாலர், 16 ஜிபியில் 349 டாலர். கேம் ஆடுவதற்கென்று கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்பவர்களில் பெரும்பாலோர் கை வைப்பது இந்த நடுத்தர விலையில்தான். அவர்கள் வழக்கமாகப் பார்ப்பது ஒரே ஒரு எண்ணை: சராசரியாக நொடிக்கு எத்தனை ஃபிரேம் வருகிறது? அதை விலையோடு வைத்துப் பார்த்தால் எந்தக் கார்டு லாபம் என்று தெரிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். இந்த விலையில் கிடைக்கும் சில்லுகள் வேகத்தில் ஒன்றுக்கொன்று பக்கத்தில்தான் நிற்கின்றன. அதனால் நான்கைந்து வருடம் வைத்திருக்கப்போகிற கார்டின் மதிப்பை அந்தச் சராசரி சொல்லாது. நினைவகத்தின் அளவும், கார்டு எந்த மதர்போர்டில் போய் உட்காரப்போகிறது என்பதும்தான் சொல்லும்.

கார்டில் இருக்கும் நினைவகம் என்ன வேலை செய்கிறது என்று முதலில் பார்ப்போம். ஒரு கேமில் நாம் பார்க்கும் சுவர், தரை, துணி, முகம் எல்லாவற்றின் மேலும் ஒரு படம் போர்த்தப்பட்டிருக்கும். அதற்கு டெக்ஸ்சர் என்று பெயர். அடுத்த ஃபிரேமை வரைய எந்த டெக்ஸ்சர் வேண்டுமோ அது சில்லின் கைக்கெட்டும் தூரத்தில், கார்டின் சொந்த நினைவகத்திலேயே இருக்க வேண்டும். உதாரணமாக, ஆர்டிஎக்ஸ் 4060 கார்டில் சில்லுக்கும் நினைவகத்துக்கும் இடையே நொடிக்கு 272 ஜிபி தரவு ஓட முடியும். அதன் 8 ஜிபி நிரம்பிவிட்டால் மிச்சம் கம்ப்யூட்டரின் பொது ரேமுக்குப் போகும். அங்கிருந்து திரும்பி வர மதர்போர்டின் பிசிஐ எக்ஸ்பிரஸ் வழி ஒன்றுதான் உண்டு. இந்தக் கார்டு அதில் எட்டு தடங்களை மட்டுமே பயன்படுத்துகிறது. நான்காம் தலைமுறை மதர்போர்டில் அதன் கொள்ளளவு நொடிக்குச் சுமார் 16 ஜிபி, மூன்றாம் தலைமுறையில் அதிலும் பாதி. 272 எங்கே, 8 எங்கே! சில்லு எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் அந்த நேரத்தில் அதனால் செய்யக்கூடியது காத்திருப்பது மட்டும்தான்.

டெக்ஸ்சரின் தரத்தை ஏற்றினால் சில்லுக்குக் கூடுதல் வேலை ஏறக்குறைய இல்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். நிழலைக் கூட்டினாலோ, ஒளியின் போக்கைக் கணக்கிடும் ரே டிரேசிங்கைப் போட்டாலோ ஃபிரேம் குறையும். டெக்ஸ்சர் அப்படியல்ல. நினைவகத்தில் இடம் இருந்தால் போதும், வேகம் குறையாமல் படம் அழகாகிவிடும். நடுத்தரக் கார்டு வாங்குபவருக்குக் கிடைக்கும் மிக மலிவான அழகு அதுதான். நினைவகத்தைக் குறைத்துக் கொடுப்பதால் முதலில் பறிபோவதும் அதுவே.

2023-ல் இது கண்கூடாகத் தெரியத் தொடங்கியது. பிப்ரவரியில் ஹாக்வர்ட்ஸ் லெகசியும் மார்ச்சில் தி லாஸ்ட் ஆஃப் அஸ் முதல் பாகமும் கம்ப்யூட்டருக்கு வந்தபோது, அதுவரை எதற்கும் அசையாத 8 ஜிபி கார்டுகள் உயர் செட்டிங்ஸில் தடுமாறின. அவசரமாகக் கொண்டுவந்த கேம்கள், கோளாறு அவற்றில்தான் என்று அன்று சொன்னார்கள். அதில் பாதி உண்மை இருந்தது. தி லாஸ்ட் ஆஃப் அஸ் பின்னால் வந்த அப்டேட்களில் நன்றாகவே சீரானது. ஆனால் 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள் கேமை அவசரக் கோலம் என்று யாரும் சொல்ல முடியாது. அதில் டெக்ஸ்சருக்கு எவ்வளவு நினைவகம் ஒதுக்குவது என்பதை ஆடுபவரே தேர்ந்தெடுக்கலாம். 8 ஜிபி கார்டில் அதை மேல் நிலைக்கு ஏற்றினால் ஓட்டம் சரிந்துவிடுகிறது. இறக்கினால் அதே கார்டு தாராளமாக ஓடுகிறது. சில்லில் தெம்பு இருக்கிறது, இடம்தான் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். இதன் காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் கன்சோல்கள் இரண்டிலும் 16 ஜிபி பொது நினைவகம் உண்டு. பெரிய கேம்கள் அவற்றை அளவாக வைத்துத்தான் உருவாகின்றன. பழைய கன்சோல்களுக்காகவும் கேம் செய்துகொண்டிருந்த வரை 8 ஜிபி தப்பித்தது. அந்தக் காலம் முடிந்துவிட்டது.

இவ்வளவும் நடந்தும் ஒப்பீட்டுப் பட்டைகளில் வித்தியாசம் ஏன் சில நேரம் தெரிவதில்லை? சராசரி மறைத்துவிடுவதால். ஒரு நொடியில் 59 ஃபிரேம்கள் தலா 15 மில்லிசெகண்டில் வந்து, ஒரே ஒரு ஃபிரேம் மட்டும் 115 மில்லிசெகண்ட் எடுத்துக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். கூட்டினால் சரியாக ஒரு நொடி, அறுபது ஃபிரேம். பட்டையில் '60 எஃப்பிஎஸ்' என்று அழகாக அச்சாகும். ஆடுபவர் கண்ணிலோ ஒவ்வொரு நொடியும் ஒரு வெட்டு விழும். நினைவகம் நிரம்பும்போது வருவது இந்த மாதிரி வெட்டுதான். ஆகவே சராசரிக்குப் பக்கத்தில் '1% லோ' என்று போடப்படும், மிக மெதுவாக வந்த ஒரு சதவீத ஃபிரேம்களைக் காட்டும் எண்ணைப் பார்க்கப் பழக வேண்டும். இன்னொரு வகை இதைவிட ஏமாற்றக்கூடியது. சில கேம்கள் இடம் போதவில்லை என்றதும் கேட்காமலேயே டெக்ஸ்சரின் தரத்தை இறக்கிவிடும். ஃபிரேம் எண்ணிக்கை அப்படியே இருக்கும், சராசரியும் 1% லோவும் குறையாது. திரையில் சுவரின் செங்கல் மட்டும் களிமண் மாதிரி குழைந்து நிற்கும். எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டு கார்டும் சமம். ஆடிப் பார்த்தால்தான் வேறு.

இது புதிய கதையும் அல்ல. 2016-ல் ஏஎம்டி ஆர்எக்ஸ் 480 கார்டை 4 ஜிபியில் 199 டாலருக்கும் 8 ஜிபியில் 239 டாலருக்கும் கொடுத்தது. அதே வருடம் என்விடியா ஜிடிஎக்ஸ் 1060 கார்டை 6 ஜிபியிலும் 3 ஜிபியிலும் விற்றது. 3 ஜிபி கார்டில் சில்லின் கோர்களையும் 1280-லிருந்து 1152 ஆகக் குறைத்துவிட்டு அதே பெயரில் விற்றது வேறு கதை. வாங்கிய வருடத்தில் சின்ன நினைவகக் கார்டுகள் கெட்டிக்காரத்தனமான தேர்வாகவே தெரிந்தன. சில வருடம் போனதும் 6 ஜிபி, 8 ஜிபி கார்டு வைத்திருந்தவர்கள் புதிய கேம்களைத் தொடர்ந்து ஆடினார்கள். மற்றவர்கள் டெக்ஸ்சரை இறக்கிக்கொண்டே போனார்கள்.

எதிர்வாதங்களுக்கு வருவோம். 9060 எக்ஸ்டி வந்த நேரத்தில் ஏஎம்டியின் ஃபிராங்க் அசோர் ஒரு கருத்தைச் சொன்னார்: பெரும்பாலான கேமர்கள் இன்னும் 1080பி திரையில்தான் ஆடுகிறார்கள், அவர்களுக்கு 8 ஜிபிக்கு மேல் தேவையில்லை. முதல் பாதி சரி. ஸ்டீம் தளத்தின் கணக்கெடுப்பில் பாதிக்கு மேற்பட்டவர்களின் திரை 1080பிதான். வாலரன்ட், கவுன்டர் ஸ்டிரைக் 2 போன்றவற்றை மட்டும் ஆடுபவருக்கு 8 ஜிபி உண்மையிலேயே போதும். ஆனால் அவருக்கு இந்த விலைக் கார்டே தேவையில்லை, ஆர்எக்ஸ் 6600 போன்ற பழைய கார்டே காரியத்தை முடித்துவிடும். 300, 380 டாலர் கொடுப்பவர் புதிய பெரிய கேம்களுக்காகத்தான் கொடுக்கிறார். அந்தக் கேம்களில் திரையைச் சின்னதாக்கினால் நினைவகத் தேவை அதே விகிதத்தில் குறைவதில்லை. டெக்ஸ்சரும், ரே டிரேசிங்குக்கான தரவும் திரை எந்த அளவானாலும் உட்கார இடம் கேட்கின்றன. நான் மேலே சொன்ன தடுமாற்றங்கள் 1080பி திரையிலேயே பதிவானவை.

'செட்டிங்ஸைக் குறைத்துக்கொண்டால் தீர்ந்தது' என்பது இன்னொரு பதில். பழைய கார்டு வைத்திருப்பவருக்கு அது நியாயமான யோசனை. புதிதாகக் காசு கொடுத்து வாங்குபவரிடம் சொல்லக் கூடாத யோசனை.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. நினைவகம் வேகம் ஆகாது. சோர்ந்த சில்லில் எத்தனை ஜிபி ஏற்றினாலும் அது ஓடாது. இதை நான் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். 2023 ஜூலையில் வந்த 4060 டிஐ 16 ஜிபி கார்டே இதற்கு உதாரணம். 8 ஜிபி கார்டு 399 டாலராக இருக்க, நினைவகத்துக்கென்றே 100 டாலர் கூட்டி 499 ஆக்கினார்கள். நினைவகப் பாதை அதே 128 பிட், நொடிக்கு 288 ஜிபி. 2020-ல் வந்த 3060 டிஐ கார்டிலேயே அது 256 பிட், 448 ஜிபி. இரண்டு மாதம் கழித்து அதே 499 டாலருக்கு ஏஎம்டியின் 7800 எக்ஸ்டி 16 ஜிபியோடும் 256 பிட் பாதையோடும் வந்து, ரே டிரேசிங் இல்லாத கேம்களில் அதைத் தெளிவாக முந்தியது. ஆகவே எந்த விலை கொடுத்தும் நினைவகம் வாங்கு என்று நான் சொல்லவில்லை. அடுத்த படியில் இருக்கும் வேகமான சில்லின் விலையை எட்டாத வரைதான் கூடுதல் நினைவகம் லாபம். அறிவித்த விலைப்படி 9060 எக்ஸ்டியில் வித்தியாசம் 50 டாலர், ஏறத்தாழ 17 சதவீதம். 5060 டிஐயில் 13 சதவீதம். 9060 எக்ஸ்டியின் 8 ஜிபி கார்டை மூன்று வருடத்தில் மாற்ற நேர்ந்து, 16 ஜிபி கார்டு ஐந்து வருடம் தாங்கினால், முன்னதற்கு வருடம் 100 டாலர், பின்னதற்கு 70. ஒரே ஒரு வருடம் கூடுதலாகத் தாங்கினாலே கணக்கு நேராகிவிடும்.

டிஎல்எஸ்எஸ் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. சின்ன அளவில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் அந்தத் தொழில்நுட்பத்தில் என்விடியா பல வருடம் முன்னால் நின்றது. அதற்குப் பதிலாக ஏஎம்டி கொடுக்கும் எஃப்எஸ்ஆரின் நான்காம் பதிப்பு வந்த பிறகுதான் ஏஎம்டியின் 9000 வரிசை பக்கத்தில் வந்திருக்கிறது. 4060, 5060 கார்டுகளுக்கு அது உண்மையான பலம், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இடையில் ஃபிரேம்களைத் தானே உண்டாக்கிச் செருகும் ஃபிரேம் ஜெனரேஷன் வேறு விஷயம். 2025 ஜனவரியில் 549 டாலர் 5070 கார்டு முந்தைய தலைமுறையின் உச்சக் கார்டான 4090-க்கு நிகர் என்று என்விடியா மேடையில் அறிவித்தது இந்தச் செருகிய ஃபிரேம்களையும் சேர்த்து எண்ணித்தான். படம் வழுவழுப்பாகத் தெரியும், ஆனால் மவுஸை அசைத்தால் கேம் பதில் சொல்லும் வேகம் கூடாது. ஃபிரேம் ஜெனரேஷனுக்கும் நினைவகத்தில் இடம் வேண்டும். 8 ஜிபி கார்டில் ஏற்கெனவே இல்லாத இடம் அது.

இந்தியாவில் விலை விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் அறிவிக்கும் டாலர் விலையில் வரி சேராது. இங்கே 18 சதவீத ஜிஎஸ்டியும் இறக்குமதியாளரின் லாபமும் ஏறும். 2025 இறுதியில் ஏஐ டேட்டா சென்டர்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போனதில் அந்தச் சில்லுகளின் விலையும் ஏறியது. ஆகையால் சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ விலை கேட்கும்போது டாலர் வித்தியாசத்தை நம்பாமல் ரூபாய் வித்தியாசத்தைக் கேளுங்கள். அது இருபது, இருபத்தைந்து சதவீதத்தைத் தாண்டினால் என் வாதம் பலவீனமாகிவிடும். பில்லில் '5060 டிஐ' என்று மட்டும் எழுதித் தர விடாதீர்கள், 8 அல்லது 16 என்ற எண்ணும் அதில் இருக்க வேண்டும். பெயரை ஒன்றாக வைத்துக்கொண்டு பொருளை இரண்டாக்குவது வாங்குபவருக்குச் செய்யும் அநீதி. இரண்டு நிறுவனங்களும் தெரிந்தே செய்கின்றன. மின்சாரத்தைப் பற்றிப் பலர் அளவுக்கு மீறிக் கவலைப்படுகிறார்கள். 115 வாட் எடுக்கும் 4060-க்கும் 190 வாட் எடுக்கும் இன்டெல் ஆர்க் பி580-க்கும் தினம் மூன்று மணி நேரம் ஆடினால் வருடத்துக்கு 82 யூனிட் வித்தியாசம். யூனிட் 6 ரூபாய் என்றால் 500 ரூபாய்கூட ஆகாது. பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ் தாங்குமா என்பதை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

அந்த பி580 கார்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2024 டிசம்பரில் 249 டாலருக்கு 12 ஜிபி, 192 பிட் பாதை என்று வந்தது. மற்ற இருவரும் மறுத்ததை இன்டெல் குறைந்த விலையில் கொடுத்தது. இதுவரை சொன்னதை வைத்துப் பார்த்தால் இதையே வாங்கச் சொல்ல வேண்டும். ஆனால் வந்த சில வாரங்களிலேயே பழைய பிராசசர்களோடு சேர்த்தால் இதன் வேகம் கணிசமாகச் சரிகிறது என்று விமர்சகர்கள் சோதித்துக் காட்டினார்கள். இதன் டிரைவர் பிராசசரிடம் அதிக வேலை வாங்குகிறது. கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசசர் ஒரேயடியாக அணுக விடும் ரீசைசபிள் பார் என்ற வசதி இல்லாத மதர்போர்டில் நிலைமை இன்னும் மோசம். புதிய பிராசசரோடு புதிதாகக் கட்டும் கம்ப்யூட்டருக்கு இது அருமையான கார்டு. ஏழெட்டு வருடம் பழைய கம்ப்யூட்டருக்கு உயிர் கொடுக்க நினைப்பவருக்கு அல்ல. அப்படிப்பட்டவர்கள்தான் மலிவுக் கார்டைத் தேடி வருகிறார்கள் என்பது வருத்தம். பழைய கம்ப்யூட்டரில் இன்னொரு தடையும் உண்டு: இன்டெல் பத்தாம் தலைமுறை பிராசசர்கள் வரையிலும் ஏஎம்டி பி450 போர்டுகளிலும் இருப்பது மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ். அங்கே எட்டுத் தடக் கார்டான 5060 டிஐ நொடிக்கு 8 ஜிபி வழியில் மாட்டிக்கொள்ளும். பதினாறு தடங்களும் உள்ள 9060 எக்ஸ்டிக்கு அதே ஸ்லாட்டில் 16 ஜிபி கிடைக்கும். பழைய மதர்போர்டை மாற்ற வசதியில்லாதவர் 16 ஜிபி 9060 எக்ஸ்டியைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். அதற்குப் பணம் போதாவிட்டால், புதிய 8 ஜிபி கார்டுக்குப் போவதைவிட, 12 ஜிபி உள்ள செகண்ட் ஹேண்ட் ஆர்எக்ஸ் 6700 எக்ஸ்டி ஒன்றைக் கடையிலேயே ஓட்டிப் பார்த்து, ஃபேன் சத்தத்தையும் சூட்டையும் கவனித்து, கேரண்டி மிச்சம் இருக்கிறதா என்று பில்லைக் கேட்டு வாங்கலாம்.