பத்து மிதியில் ஒரு கொல்லிமலை

பந்தயத் தடத்தில் அடிக்கடி ஓடும் காரைத் தின்பது தூரத்தைவிடச் சூடுதான். சேலத்திலிருந்து கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீடுவேக்கு ஏறத்தாழ 170 கிமீ. நெடுஞ்சாலையில் அந்தத் தூரம் வந்த காரில் பிரேக் ஆழமாக மிதிபட்டது நாலைந்து முறை இருந்தால் அதிகம். அதே கார் 2 கிமீ சொச்சம் நீளமுள்ள அந்தத் தடத்தில் இருபது நிமிடம் முழு வேகத்தில் சுற்றினால், சாலையில் ஒரு வருடம் ஓடியும் காணாத சூட்டை பிரேக், டயர், இன்ஜின் ஆயில், கூலன்ட் நான்கும் கண்டுவிடும். தடத்துக்குப் போகும் காரின் பராமரிப்பு என்பது இந்தச் சூடு எங்கே பிறக்கிறது, எந்த வழியாக வெளியேறுகிறது, வெளியேறாவிட்டால் எதைக் கெடுக்கிறது என்று பார்ப்பதுதான்.

சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் நடந்துவந்த பந்தயங்களுக்குப் பிறகு, சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் தனித் தடம் திறக்கப்பட்டது; நீளம் 3.7 கிமீ. அங்கே நேர்ப்பகுதியில் மணிக்கு 180 கிமீ, அதாவது நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் வரும் 1500 கிலோ எடையுள்ள காரை எடுத்துக்கொள்ளலாம். அதன் இயக்க ஆற்றல் 18.75 லட்சம் ஜூல். வளைவுக்காக நொடிக்கு 20 மீட்டராக வேகம் குறையும்போது மிஞ்சுவது 3 லட்சம் ஜூல். இடையில் உள்ள 15.75 லட்சம் ஜூலில் ஒரு சிறு பங்கைக் காற்றும் இன்ஜினும் ஏற்கும். மற்றதெல்லாம் பிரேக்கில் சூடாக மாறும். 5 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர அந்தச் சூடு போதும். அடுப்பில் கால் மணி நேரம் எடுக்கும் அந்த வேலை இங்கே நாலு நொடியில் முடிகிறது. குதிரைத்திறனில் சொன்னால் 500-க்கு மேல். 300 குதிரைத்திறன் இன்ஜின் கொண்ட காரிலும் மிகப் பலமான உறுப்பு பிரேக்தான்.

நாமக்கல் பக்கத்து வாசகர்களுக்கு இதே கணக்கைக் கொல்லிமலையை வைத்துச் சொல்லலாம். அடிவாரத்தில் உள்ள காரவள்ளிக்கும் மலை உச்சிக்கும் இடையே உயர வித்தியாசம் சுமார் 1000 மீட்டர். அதே கார் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து கீழே வரும்போது இழக்கும் ஆற்றல் ஏறக்குறைய 1 கோடியே 47 லட்சம் ஜூல். தடத்தில் முன்சொன்ன மாதிரிப் பத்து மிதி மிதித்தால் அது ஒரு கொல்லிமலை இறக்கம். மலையில் அந்தச் சூடு முக்கால் மணி நேரத்தில் பரவி ஆறுகிறது. தடத்தில் சில நிமிடங்களில் வந்து குவிகிறது. மலையில் இன்னொரு துணையும் உண்டு. ஏறின கியரிலேயே இறங்கு என்பது லாரி ஓட்டுநர்களின் பால பாடம். கியரில் இறங்கினால் சுமையின் பெரும்பங்கை இன்ஜின் தாங்கிக்கொள்ளும். தொப்பூர் கணவாயில் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு, முழுச் சுமையையும் பிரேக்கின் தலையில் ஏற்றி, அது பிடிக்காமல் போன லாரிகளின் கதை இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். பந்தயத் தடத்தில் கார் ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கையே நம்புகிறது.

சூட்டை முதலில் வாங்குவது டிஸ்க். காரின் எடை முன்பக்கம் சாய்வதால் சூட்டில் ஏறத்தாழ 70 சதவீதம் முன் டிஸ்க்குகளுக்குப் போகும். ஒவ்வொன்றும் 8 கிலோ என்றால், ஒரே மிதியில் 130 டிகிரிக்கு மேல் ஏறும். அடுத்த வளைவுக்குள் காற்று அதைத் தணிக்காவிட்டால் நாலைந்து மிதியில் 500 டிகிரியைத் தாண்டிவிடும். இரும்புருக்காலை இருக்கும் சேலத்தில் நியாயமாக ஒரு கேள்வி எழும்: துருப்பிடிக்காத எஃகில் டிஸ்க் செய்தால் என்ன? மோட்டார் சைக்கிளில் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் காரின் எடைக்குத் தேவை சூட்டை வேகமாக உள்வாங்கிக் கடத்தும் உலோகம். சாம்பல் வார்ப்பிரும்பு, சமையல் பாத்திர வகைத் துருப்பிடிக்காத எஃகைவிட மூன்று மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். அதன் உள்ளே இழைகளாக ஓடும் கிராஃபைட்தான் காரணம். மழையில் ஒரு நாள் நின்றால் டிஸ்க் செம்மண் நிறமாவதும் வார்ப்பிரும்பு என்பதால்தான். முதல் சில மிதிகளில் அந்தத் துரு போய்விடும்.

தடத்தில் ஓடிய டிஸ்க்கின் மேல் மெல்லிய வெடிப்புக் கோடுகள் விழும். சூடாகி விரிவதும் ஆறிச் சுருங்குவதும் மாறி மாறி நடந்ததன் தடயம் அது. சக்கரத்தைக் கழற்றி, ஆறிய டிஸ்க்கின் மேல் விரல் நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். நகம் வழுக்கிப் போனால் இன்னும் ஓடும். நகம் மாட்டினாலோ, கோடு விளிம்பைத் தொட்டாலோ டிஸ்க் பழைய இரும்புக் கடைக்குத்தான். இவ்வளவுக்குக் கீழே தேயக்கூடாது என்ற அளவு டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். மிதிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கினால் டிஸ்க் வளைந்துவிட்டது என்று பட்டறையில் சொல்வார்கள். பல நேரங்களில் டிஸ்க் நேராகத்தான் இருக்கும். டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் சூடாகி, அதன் பொருள் ஓரிடத்தில் அதிகமாகப் படிந்து தடிப்பாகியிருக்கும். வேகமாக ஓடி வந்து நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடியே காத்திருந்தால் அந்தத் தடிப்பு உருவாகும். அதனால்தான் கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டிக் காற்றில் ஆறவிடுகிறார்கள். நிறுத்திய பிறகும் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு அடியில் கட்டை வைக்கிறார்கள்.

பேடில் இருக்கும் பசைப்பொருள் ஓர் அளவுக்கு மேல் சூடானால் வாயுவாகக் கிளம்பி, டிஸ்க்குக்கும் பேடுக்கும் நடுவில் மெத்தை போல நிற்கும். மிதி கல் போல இருக்கும், கார் நிற்காது. சாலைக்கான பேடில் இது சுமார் 350 டிகிரியை ஒட்டித் தொடங்கிவிடும். தடத்துக்கென்று வரும் பேடுகள் 600 டிகிரிக்கும் மேல் தாங்கும். ஆனால் குளிர்ந்திருக்கும்போது சரியாகப் பிடிக்காது, கீச்சிடும், டிஸ்க்கையும் வேகமாகத் தின்னும். காலையில் பள்ளிக்குப் பிள்ளையை விடப் போகும் காருக்கு அது பொருந்தாது. இரண்டு ஜோடி வைத்து, தடத்துக்குப் போகும்போது மாற்றிக்கொள்வதே நல்லது. சாலையில் 3 மில்லிமீட்டர் மிஞ்சும்வரை ஓட்டலாம் என்ற வழக்கத்தையும் இங்கே விட்டுவிட வேண்டும். பேட் பிரேக் ஆயிலுக்கு ஒரு கவசமும்கூட. தடிமன் பாதியானால் டிஸ்க்கின் சூடு பிஸ்டன் வழியாக நேரே ஆயிலைச் சுட ஆரம்பித்துவிடும்.

அந்த ஆயில்தான் இந்தப் பராமரிப்பில் மலிவானது, அதிகம் புறக்கணிக்கப்படுவதும் அதுவே. ஆயில் என்று சொன்னாலும் அது எண்ணெய் வகை இல்லை; கிளைக்கால் ஈதர் சேர்ந்த, காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் திரவம். புதிய டாட் 4 வகை குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. நூற்றுக்கு 3.7 பங்கு ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155-ஆக இறங்கிவிடும். டாட் 3-க்கு அந்த எண்கள் 205, 140. பந்தயத்துக்கென்று விற்கும் வகைகள் புதிதாக இருக்கும்போது 300 டிகிரியைத் தாண்டியும் தாங்கும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியை முடியும். பேடை அழுத்தும் காலிபரில் ஒரு குமிழ் ஆவி உண்டானால், மிதிக்கும் கால் அந்தக் குமிழைத்தான் நசுக்கும். பெடல் தரை வரை போகும், பேட் நகராது. இதை அலட்சியமாக விடவே கூடாது. வேறெந்தக் கோளாறும் ஓட்டுநருக்கு இவ்வளவு குறைந்த அவகாசம் தருவதில்லை.

மாற்றும் வேலைக்கு இரண்டு பேர், ஒரு ஸ்பேனர், ஒரு முழம் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய், ஒரு பாட்டில் போதும். காலிபரின் நிப்பிளில் குழாயை மாட்டி, மறுமுனையைப் பாட்டிலில் இருக்கும் ஆயிலுக்குள் மூழ்கவிட வேண்டும். உள்ளே இருப்பவர் பெடலை மிதித்துப் பிடிக்க, கீழே இருப்பவர் நிப்பிளைத் திறந்து, ஆயில் வந்ததும் மூடி, ‘விடு’ என்று குரல் கொடுப்பார். முதலில் ஆறிப்போன டிகாக்‌ஷன் நிறத்தில் வரும், இடையிடையே குமிழ். குமிழ் நின்று, வெளிர்மஞ்சளாகத் தெளிந்து வரும்வரை இது தொடரும். மேலே டப்பாவில் அளவு இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இறங்கினால் காற்று புகுந்து வேலை முதலிலிருந்து தொடங்கும். அடிக்கடி தடத்துக்குப் போகும் காருக்கு ஒவ்வொரு முறைக்கும் முன்னால் இப்படிக் குமிழ் போக ஏர் எடுப்பதும், வருடத்துக்கு ஒரு முறையாவது முழுவதும் மாற்றுவதும் அவசியம். போன வருடம் திறந்து வைத்த டப்பாவில் மிஞ்சியதை ஊற்றக்கூடாது.

டயரில் சூடு காற்றழுத்தமாகத் தெரியும். காலையில் 30 டிகிரியில் 30 பிஎஸ்ஐ அடித்த டயர், உள்ளே காற்று 80 டிகிரி ஆகும்போது 37-ஐத் தாண்டிவிடும். அழுத்தம் ஏறினால் டயரின் நடுப்பகுதி புடைத்து, தரையைத் தொடும் பரப்பு குறைந்து, பிடி நழுவும். ஆகவே தடத்தில் கணக்கில் எடுப்பது ஓடி வந்தவுடன் இருக்கும் சூடான அழுத்தம்; அதற்கேற்பக் குளிர்ந்த அளவைக் குறைத்து வைப்பார்கள். வெயிலில் நின்ற காரின் ஒரு பக்க டயர் மட்டும் கூடுதலாகக் காட்டி ஏமாற்றும் என்பதால் நிழலில் வைத்து அளப்பது முக்கியம். டீக்கடையில் நிறுத்தும் லாரிக்காரர் இறங்கியதும் ஒரு கம்பியால் டயர்களை ஒவ்வொன்றாகத் தட்டி ஓசை கேட்பார், ஹப் பக்கம் கையைக் கொண்டுபோய்ச் சூடு பார்ப்பார். தடத்தில் அதே வேலையை ஊசி வெப்பமானி செய்கிறது. டயரின் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு மூன்றிலும் குத்திப் பார்த்தால், வெளிவிளிம்பு மட்டும் அதிகம் சுட்டிருந்தால் சக்கரத்துக்கு உள்சாய்வு போதவில்லை என்று தெரிந்துவிடும்.

இன்ஜின் ஆயிலுக்குச் சூட்டோடு சாய்வும் பகை. நல்ல டயர் உள்ள கார் வளைவில் புவியீர்ப்புக்குச் சமமான பக்க விசையை எட்டும்போது இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் அதன் மேல்மட்டம் 45 டிகிரி சாய்ந்துவிடும். உறிஞ்சும் குழாயின் வாய் அந்த நேரம் வெளியே தெரிந்தால் பம்ப் காற்றை இழுக்கும். கனெக்டிங் ராடின் பேரிங் ஒரு நொடி ஆயில் இல்லாமல் சுழன்றாலே கீறல் விழும். ஆயிலை மேல் குறி வரை வைத்திருப்பதும், சம்ப்புக்குள் தடுப்புத் தகடு பொருத்துவதும் இதற்காகத்தான். 100 டிகிரியில் இருக்கும் பிசுபிசுப்பு 130 டிகிரியில் ஏறக்குறைய பாதியாகிவிடுவதால், தயாரிப்பாளர் அனுமதிக்கும் வகைகளில் கனமானதைத் தேர்ந்தெடுத்து, கிலோமீட்டர் கணக்கைப் பார்க்காமல் தடத்தில் ஓடிய நாள் கணக்கில் மாற்ற வேண்டும். கியர் ஆயிலுக்கும் டிஃபரன்ஷியல் ஆயிலுக்கும் இதே விதி.

ரேடியேட்டர் விஷயத்தில் சேலம், நாமக்கல் சமவெளிக்கு இரண்டு தனிப் பிரச்சினைகள். ஒன்று வெயில். கூலன்ட் 100 டிகிரி, வெளிக்காற்று 20 டிகிரி என்றால் இடைவெளி 80. ஏப்ரல், மே வெயிலில் காற்று 40 என்றால் 60தான். சூட்டை வெளியேற்றும் திறனில் கால் பங்கு அங்கேயே போய்விடும். இரண்டாவது உப்புத் தண்ணி. வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகப் படியும் அதே படிவு ரேடியேட்டருக்குள்ளும் சிலிண்டர் தலையிலும் படியும். அலுமினியத்தோடு ஒப்பிட்டால் அது மிகக் குறைவாகவே சூட்டைக் கடத்தும். அவசரத்துக்குக்கூட போர் தண்ணீர் ஊற்றாமல், பேட்டரிக்கு விடும் உப்பு நீக்கிய தண்ணீரையும் கூலன்ட்டையும் கலந்து பயன்படுத்த வேண்டும். மூடியின் ரப்பர் வளையமும் ஸ்பிரிங்கும் சரியாக இருந்தால்தான் உள்ளே அழுத்தம் நிற்கும். அந்த அழுத்தம்தான் கொதிநிலையை 120 டிகிரிக்கு மேல் தள்ளி வைக்கிறது. வெளிப்புறத் துடுப்புகளில் அடைத்த தூசியையும் பூச்சியையும் இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிநோக்கி மெதுவான தண்ணீரால் கழுவ வேண்டும்.

தடத்தில் ஓடி முடித்ததும் சக்கர நட்டுகளைத் தொடக் கூடாது. அலாய் சக்கரமும் போல்ட்டும் ஒரே அளவில் விரிவதில்லை. ஆறிய பிறகு டார்க் ரெஞ்ச் வைத்து, காரின் கையேடு சொல்லும் நியூட்டன் மீட்டருக்கு இறுக்க வேண்டும். காற்றுத் துப்பாக்கியால் இறுக்கினால் ஒன்று தளர்வாகவும் ஒன்று போல்ட் நீளும்படியும் போய்விடும். பிறகு சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டி ஹப் பேரிங்கில் ஆட்டம் பார்ப்பது, ஆக்சில் முனை ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பது, காலிபர் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் கருகியிருக்கிறதா என்று பார்ப்பது. இவையெல்லாம் கிளம்புவதற்கு முன்பே நடக்க வேண்டும், ஏனென்றால் அதே காரில்தான் 170 கிமீ திரும்ப வேண்டியிருக்கிறது. லாரிக்கு ட்ரிப் ஷீட் இருப்பது போல இந்தக் காருக்கும் ஒரு நோட்டு இருப்பது நல்லது: தேதி, எத்தனை சுற்று, காற்றின் சூடு, டயரின் குளிர்ந்த அழுத்தமும் சூடான அழுத்தமும், பேடில் மிஞ்சியது எத்தனை மில்லிமீட்டர், ஏர் எடுத்த நாள் எது.