பிடியரிசியும் திருச்சபையும்



கொடை என்றவுடன் முல்லைக்குத் தேர் ஈந்த பாரியும், தன் தலையையே கொடுக்க முன்வந்த குமணனும் நம் நினைவிற்கு வருகின்றனர். அவர்களைப் போல் கொடுக்க எல்லோராலும் இயலாது. அங்ஙனமாயின், ஏழை எளியோர் பெறுவதற்கு மட்டுமே உரியவரோ? கொடுப்பதற்கு உரியவர் அல்லரோ? இவ்வினாவிற்குத் திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்தவ மக்கள் தங்கள் திருச்சபை வாழ்வில் கண்ட விடையை இன்று விளக்க விரும்புகின்றேன்.

அம்மக்களுள் பலர் பனையேறியும் உழுதும் பிழைத்தவர்கள். அவர்கள் கையில் ரொக்கப் பணம் புழங்குவது அரிது. ஆயினும் அடுப்பு எரியும் வீட்டில் அரிசி உண்டு. உலையில் இடுவதற்கு அரிசியை அளக்கும்போது, வீட்டுத் தலைவி அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் இடுவாள். சேர்ந்த அரிசி ஆலயத்திற்குச் செல்லும். அங்கு அது விற்கப்பட்டுக் காணிக்கைக் கணக்கில் வரவு வைக்கப்படும். இதுவே பிடியரிசிக் காணிக்கை.

பல ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் ஆதலின், ஒரு கணக்குப் போடாமல் என்னால் மேலே செல்ல இயலவில்லை. ஒரு பிடி 50 கிராம் என்று கொள்வோம். நாளைக்கு இரு வேளை எனில் 100 கிராம். 30 நாட்களில் 3 கிலோ. நூறு வீடுகள் உள்ள ஊரில் மாதம் 300 கிலோ! எந்த வீட்டிலும் எவரும் பட்டினி கிடக்கவில்லை. எவரும் கடன் வாங்கவும் இல்லை. மேலும், சொத்தின்மேல் உரிமை இல்லாதிருந்த பெண்களும் இதனால் தம் கையாலேயே கொடுப்பவராயினர் என்பதை நாம் மறத்தலாகாது.

இத்தகைய சிறு காணிக்கைகளால் பெருஞ்செயல் ஆகுமோ என ஐயுறுவோர் வரலாற்றை நோக்குக. வெள்ளாளன்விளையில் 1874 ஆம் ஆண்டு பிறந்த வே. சா. அசரியா, 1902 இல் யாழ்ப்பாணம் சென்றார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே பொருள் சேர்த்துத் தமிழகத்தில் ஊழியம் நடத்துவதை அறிந்தார். 'நம்மால் ஏன் இயலாது?' என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது. அதன் பயனாக, 1903 ஆம் ஆண்டு பிப்ரவரி 12 ஆம் நாள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றிற்று. இந்தியர் பணம், இந்திய ஊழியர், இந்தியர் நிர்வாகம் என்பது அதன் கொள்கை. அதுகாறும் மேல்நாட்டாரின் உதவியைப் பெற்று வந்த மக்கள், தெலுங்கு நாட்டுத் தோரணக்கல்லுக்கு ஊழியரை அனுப்பித் தாங்கள் அளிப்பவராயினர். அசரியா 1909 இல் தாமே அங்குச் சென்றார்; 1912 இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார்.

கொடுப்பது பொருளை மட்டுமன்று. ஆலயத்தைப் பெருக்குதல், பாடகர் குழுவில் பாடுதல், ஓய்வுநாட் பள்ளியில் சிறுவர்க்குக் கற்பித்தல், நோயாளியின் வீட்டிற்குச் சென்று நலம் விசாரித்தல் ஆகிய யாவும் ஊழியமே. அறுவடைப் பண்டிகையில் ஒருவர் படைத்த பூசணிக்காயை மற்றொருவர் ஏலத்தில் எடுப்பதும், அசன நாளில் பலர் கூடிச் சமைத்து அனைவரும் ஒருங்கே அமர்ந்து உண்பதும் அச்சீமையின் வழக்கங்கள். அசனப் பந்தியில் செல்வரும் வறியவரும் அருகருகே அமர்வதே அதன் மாண்பு. எங்கே இலைக்கு இலை வேறுபாடு காட்டப்படுகின்றதோ, அங்கே அசனம் வெறும் விருந்தாகிவிடும்.

இன்னொன்றும் கூறல் வேண்டும். கொடுப்பவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. காணிக்கையை இருவர் சேர்ந்து எண்ணுதலும், வரவு செலவைச் சபையார் முன் படித்தலும் நம்பிக்கையைக் காக்கும் வேலிகள். ஒரு பிடி அரிசி கொடுத்த மூதாட்டியும், ஆயிரம் ரூபாய் கொடுத்த வணிகரும் அக்கணக்கைக் கேட்பதில் சமமான உரிமை உடையவரே. கல்வி கற்ற இளைஞர்களாகிய நீங்கள் இவ்விடத்தில் பெரிதும் உதவலாம். கணக்கைத் திருத்தமாக எழுதுங்கள். எழுத்தறியாதவர்க்கு அதை விளங்கச் சொல்லுங்கள்.

இக்காலத்தில் காணிக்கையைப் பணமாகச் செலுத்தும் வழக்கமே பெருகியுள்ளது. ஆயினும் பிடியரிசி கற்பித்த முறை மாறவில்லை. உண்டபின் எஞ்சியதைக் கொடுப்பதன்று அது. உலையில் இடுமுன் எடுத்து வைப்பது. நீங்கள் எச்சமயத்தினர் ஆயினும், உங்கள் பொருளிலும் பொழுதிலும் ஒரு பிடியை முதலில் எடுத்து வைத்துப் பழகுங்கள்.